இ-பாஸ், இரவுத் தடை, பத்து ரூபாய் பாட்டில்: மலையில் எது வேலை செய்கிறது?

ஊட்டி, கொடைக்கானல் ஏறும் வண்டிகள் இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸ் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சிதான். மலை தாங்காது என்பவர்கள் ஒரு பக்கம், பிழைப்பே போச்சு என்பவர்கள் மறு பக்கம். இரண்டு பேர் சொல்வதும் உண்மை என்பதால் அந்தச் சண்டை இப்போதைக்குத் தீராது. அதை ஓரமாக வைத்துவிட்டு, மலையைக் காக்க நீதிமன்றங்கள் இங்கே பிடித்துக்கொண்ட மூன்று வழிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்: வாகனங்களுக்கு உச்சவரம்பு, இரவில் சாலையை மூடுவது, காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய்.

மூன்றில் பழையது இரவுத் தடை. கூடலூர், தெப்பக்காடு வழியாக மைசூர் போகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகம் வழியே போகும் சாலை மூடியிருக்கும். 2009-ல் வந்த இந்தத் தடையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2010-ல் உறுதி செய்தது. ஆம்புலன்சுக்கும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. அதே காட்டைக் கடந்து மைசூர் போகும் கேரள வயநாட்டுக்காரர்களின் எதிர்ப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனாலும் சட்டப்படி பார்த்தால் இதுதான் பலமான ஏற்பாடு. அரசமைப்பின் 19-வது பிரிவு தரும் நடமாட்ட உரிமைக்குப் பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். இங்கே கேடு என்ன என்பது தெளிவு: இரவில் விலங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. அடைப்பதும் அந்த நேரத்தை மட்டும்தான். தடைக்கும் அது தடுக்க நினைக்கும் தீங்குக்கும் நடுவில் இடைவெளியே இல்லை.

இ-பாஸில் அந்தப் பொருத்தம் தளர்ந்துவிடுகிறது. மலைப்பகுதி பிளாஸ்டிக் குப்பை தொடர்பான வழக்குகளை விசாரித்துக்கொண்டிருந்த சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் இதற்கு உத்தரவிட்டது. மே 7 முதல் அமலுக்கு வந்தது. சீசனில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் வருவதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு யாரையும் மிரட்டக்கூடியதுதான். முதல் வருடம் அது வெறும் பதிவு. கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுவதுதான் நோக்கம் என்றார்கள், சரி, யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

2025 மார்ச்சில் கதை மாறியது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உச்சவரம்பு வந்தது. உள்ளூர் வண்டிகளுக்கும், விளைபொருள் ஏற்றும் வண்டிகளுக்கும், அரசுப் பேருந்து போன்ற பொதுப் போக்குவரத்துக்கும் விலக்கு. ஏப்ரல் 2-ல் நீலகிரியில் வியாபாரிகள் கடையடைத்தார்கள்.

எனக்கு உறுத்துவது எண் எங்கிருந்து வந்தது என்பதுதான். மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐஐடியிடமும் பெங்களூர் ஐஐஎம்மிடமும் போயிருந்தது. அந்த ஆய்வு முடிவதற்கு முன்பே எண்ணிக்கை வந்துவிட்டது. இடைக்கால ஏற்பாடு என்று அதற்குச் சமாதானம் சொல்லலாம். எண்ணும் முறைக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. இரண்டு பேர் வரும் காரும் ஒன்று, இருபது பேரை ஏற்றிவரும் சுற்றுலா வேனும் ஒன்று. ஒரு நாள் வந்து திரும்புகிறவரும் நான்கு நாள் காட்டேஜில் தங்குகிறவரும் கணக்கில் சமம். தண்ணீர், குப்பை, நெரிசல் என மூன்றிலும் இவர்கள் சமமில்லை. இமாச்சலில் ரோதாங் கணவாய்க்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் 1,000 வண்டி என்று வரம்பு வைத்தபோது, பெட்ரோல் வண்டி 600, டீசல் வண்டி 400 என்று பிரித்தாவது வைத்தது. புகைதான் அங்கே பிரச்சினை, அதற்கேற்ற பிரிப்பு.

நடைமுறையிலும் இரண்டு மலையும் ஒன்றல்ல. கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு சாலை, பழனி சாலை என்று முக்கியமான வழிகள் சொற்பம். நீலகிரிக்குக் கல்லாறு தவிர, கக்கநல்லா, நாடுகாணி, பாட்டவயல், தாளூர் என்று கர்நாடக, கேரள எல்லை நெடுகச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி, கியூஆர் கோடு பார்த்து, வரிசையை நகர்த்த வேண்டும். நெரிசலைக் குறைக்கப் போட்ட உத்தரவே சாவடியில் நெரிசலை உண்டாக்குவது வேடிக்கைதான்.

இனி பத்து ரூபாய். காட்டில் உடைந்து கிடக்கும் மதுபாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்ற கவலையில், உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் தொடங்கியது இது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திரும்பக் கிடைக்கும். குடித்தவர் தூக்கி எறிந்தாலும் இன்னொருவர் பொறுக்கி வந்து காசாக்கிக்கொள்கிறார். காவலுக்கு ஆள் வேண்டாம், யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை. பிற மாவட்டங்களுக்கும் பிறகு இது போனது. கடை ஊழியர்களுக்கு வேலை கூடுகிறது, பாட்டில் அடுக்க இடமில்லை என்ற புகார் நியாயமானது. அதை ஆள் போட்டுச் சரிசெய்யலாம்.

என்னைக் கேட்டால் பாட்டில் முதலிடம், இரவுத் தடை அடுத்து, உச்சவரம்பு கடைசி. கடைசி என்பதால் தூக்கி எறியச் சொல்லவில்லை. பதிவு இருக்கட்டும், அது தரும் கணக்கு விலைமதிப்பற்றது. வரம்பை மட்டும் வண்டியிலிருந்து ஆளுக்கும் தங்கும் நாளுக்கும் மாற்ற வேண்டும். மேட்டுப்பாளையத்திலும் வத்தலக்குண்டிலும் காரை நிறுத்திவிட்டு ஏறப் போதுமான பேருந்து விட்டால், பொதுப் போக்குவரத்துக்கு உத்தரவில் ஏற்கெனவே உள்ள விலக்கே பாதி வேலையைச் செய்துவிடும். அப்புறம், மலை மேல் எத்தனை அறைகளுக்கு அனுமதி என்ற கேள்வி இருக்கிறது. அதைச் சாவடியில் நிற்கும் டிரைவரிடம் கேட்க முடியாது, கட்டட அனுமதி தருகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும்.