ஐபாட் கிளாசிக் 160 ஜிபி: சிடி அலமாரியைக் காலி செய்யலாமா?

இந்தப் பாட்டுக் கருவியை 2014இல் ஆப்பிள் நிறுத்திவிட்டதால் இன்று கிடைப்பவை பழையவைதான். ஒரு மணி நேர சிடி, தரம் குறையாத ஆப்பிள் லாஸ்லெஸ் வடிவத்தில் ஏறக்குறைய 350 எம்பி. ஆக, 400 சிடிகள் சட்டைப்பைக்குள். தரம் குறையாத இன்னொரு வடிவமான ஃப்ளாக் கோப்புகளை இது பாடாது. கணினியில் ஆப்பிள் லாஸ்லெஸாக மாற்றி ஏற்றுங்கள், தரம் போகாது.

வாங்குமுன் மெனு, நடுப் பொத்தான் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். ஆப்பிள் சின்னம் வந்ததும் நடுப் பொத்தானோடு பின்செல்லும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சோதனைத் திரை வரும். அதில் ஹார்டு டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் 'ஸ்மார்ட்' விவரத்தில் 'ரீஅலாக்ஸ்' (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்), 'பெண்டிங் செக்டர்ஸ்' (பழுதோ என்று சந்தேகத்தில் உள்ள பகுதிகள்) எண்கள் பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். எகிறியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். டிஸ்க்கை எடுத்துவிட்டு மெமரி கார்டு அடாப்டர் போடலாம்தான். ஆனால் இந்த உலோகக் கூட்டைத் திறப்பதற்குள் கிளிப்புகள் வளைந்து, மூடும்போது விளிம்பில் இடைவெளி தெரியும்.

பெரிய தலைவலி திரைப்பாடல்கள். பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறுவதால் ஒரே படம் ஐந்தாறு ஆல்பமாகச் சிதறும். கணினியில் பாட்டின் விவரத்தில் உள்ள 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரையே இட்டு, 'கம்பைலேஷன்' (பலர் பாடிய தொகுப்பு) குறியையும் போடுங்கள்.

பாடலாசிரியர் பெயருக்குத் தனிக் கட்டம் கிடையாது. அது சிடி உறையில் மட்டுமே இருக்கும். அலமாரி இருக்கட்டும், ஐபாடின் டிஸ்க் போனால் மறுபடி ஏற்றவும் அதுதான் வழி.