சென்னையில் ஒரு டூலாவின் சேவை: அவர் கற்று வந்த வழியும் எங்கள் அனுபவமும்

சென்ற கார்த்திகையில் எனக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். கருவுற்ற ஆறாம் மாதத்திலிருந்து பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் வரை எங்களுடன் இருந்த டூலாவைப் பற்றி, அதாவது மருத்துவம் பார்க்காமல் பிரசவத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஆறுதலும் துணையுமாக நிற்பவரைப் பற்றி எழுதுகிறேன். தெரிந்தவர்கள் வழியாக வருபவர்களை மட்டுமே அவர் ஏற்றுக்கொள்வதால் பெயரைத் தவிர்க்கிறேன். டூலா என்றால் யார், அவர் எதைக் கற்றிருக்க வேண்டும், எதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணம் கொடுக்கலாம் என்பவை எனக்கு முன்பு தெரியாதவை; தேடுகிறவர்களுக்கு இந்த விவரம் உதவும்.

என் முதல் பிரசவம் வேறொரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. பிரசவ அறைக்குள் யாரையும் விடவில்லை. என்ன செய்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லாத அந்தப் பதினொரு மணி நேரத்தின் பயம் நான்கு ஆண்டுகள் கழித்தும் என்னை விட்டுப் போகவில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004ஆம் ஆண்டிலேயே பிரசவத் துணை ஒருவரை உள்ளே அனுமதிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது என்பதையும், உலகச் சுகாதார நிறுவனம் தாய் விரும்பும் ஒருவர் உடனிருப்பதைப் பரிந்துரைக்கிறது என்பதையும் இந்த டூலாவிடம்தான் முதன்முதலில் கேட்டறிந்தேன்.

இவர் பதினொரு ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருந்தவர். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வரும்போதெல்லாம் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று கடந்துபோவதுதான் அங்கே வழக்கமாம். இவரோ அதை முழுமையாக நடத்தியிருக்கிறார். பாடம் முடிந்ததும் மாணவிகள் தாளில் எழுதி மடித்துக் கொடுத்த கேள்விகளை இன்றும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். எங்கள் முதல் சந்திப்பில் சில தாள்களைப் பிரித்துக் காட்டினார். "மாதவிடாய் நேரத்தில் ஊறுகாய் தொட்டால் உண்மையிலேயே கெட்டுப்போகுமா மிஸ்" என்று பென்சிலில் எழுதிய ஒரு தாள் மடிப்பில் கிழிந்திருந்தது. வளரிளம் பெண்களுக்கு மாதவிடாய், கருத்தடை, கருப்பை நலம் பற்றி வகுப்பெடுக்கத் தொடங்கியது அந்தக் கேள்விகளால்தான் என்றார். அந்த மாணவிகள் மணமாகிக் கருவுற்றபோது இவரையே அழைத்ததால் பிரசவத்துக்குத் துணை நிற்கும் வேலை தானாக வந்து சேர்ந்திருக்கிறது.

அழைப்பு வந்தவுடனே போய் நின்றுவிடாமல் முறையாகக் கற்றுக்கொண்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அமெரிக்காவில் 1992இல் தொடங்கப்பட்ட, டூலாக்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தரும் டோனா என்ற அமைப்பின் பயிற்சியை முடித்திருக்கிறார். பயிலரங்கில் உட்கார்ந்தால் மட்டும் அங்கே சான்றிதழ் கிடைப்பதில்லை. பாடநூல்கள் படித்து, நேரில் பிரசவங்களுக்குத் துணை நின்று, அந்தத் தாய்மாரிடமும் மருத்துவப் பணியாளர்களிடமும் மதிப்பீடு பெற்றுச் சமர்ப்பிக்க வேண்டுமாம். சான்றிதழை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். புதுப்பித்த தேதியை நான் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டினார். நம் நாட்டில் செவிலியருக்கும் மருத்துவருக்கும் இருப்பதுபோல் டூலாக்களுக்குச் சட்டப்படியான பதிவு முறை இல்லை. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளலாம் என்பதால் இதைக் கேட்டுச் சரிபார்ப்பது நம் பொறுப்பு. தாம் மருத்துவச்சி அல்லர், இரத்த அழுத்தம் பார்ப்பதும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பதும் உள்பரிசோதனை செய்வதும் தம் வேலையல்ல என்று ஒப்பந்தத் தாளின் முதல் பத்தியிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து வாரம் நடந்தன. கருப்பை எப்படித் திறக்கிறது என்பதை ஒரு பலூனைக் கொண்டு விளக்கினார். மேசைப்பந்து ஒன்றை பலூனுக்குள் போட்டு ஊதி, பந்து வாய்ப்பகுதியை அடைத்து நிற்குமாறு தலைகீழாகப் பிடித்து, பக்கவாட்டில் அழுத்தச் சொன்னார், பந்து அசையவில்லை. அது பொய்வலி என்றார். பிறகு மேலிருந்து விட்டுவிட்டு அழுத்தியபோது, கழுத்துப்பகுதி மெல்ல மெல்லக் குறுகி, விரிந்து, பந்து தலைகாட்டி வெளியே விழுந்தது. இரண்டாம் பிள்ளைக்குத் தகப்பனாகப் போகிற என் கணவர் அதைத் திரும்பத் திரும்ப மூன்று முறை செய்து பார்த்தார். எங்கள் இருவருக்கும் பயம் கொஞ்சம் கரைந்தது அன்றைக்குத்தான்.

அறுவைப் பிரசவத்துக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்கியிருந்தார். 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடும், தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடும் அறுவைச் சிகிச்சையாகவே நடக்கும்போது அதைச் சொல்லித்தராத வகுப்பு பாதி வகுப்புதான் என்பது அவர் கருத்து. 17 நாடுகளைச் சேர்ந்த 15,000க்கும் அதிகமான பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டுக் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பு) மதிப்பாய்வைப் பற்றிச் சொன்னபோதும், தொடர்ந்து துணை இருந்தால் இயல்பான பிரசவத்துக்கு வாய்ப்பு கூடும், பிரசவ நேரம் சற்றுக் குறையும் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். சுகப்பிரசவம் நடக்கும் என்று எனக்கு அவர் ஒருபோதும் உறுதி அளித்ததில்லை.

வலி கண்ட இரவில் மருத்துவமனைக்கு எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். ஒவ்வொரு முறையும் "தொடலாமாம்மா?" என்று கேட்ட பிறகே கை வைத்தார். வலி எழும்போதெல்லாம் என் இடுப்பின் இரு பக்கங்களையும் உள்ளங்கைகளால் சேர்த்து அழுத்தினார். கை ஓய்ந்தபோது என் கணவருக்கு அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்து மாற்றிக்கொண்டார். அதிகாலை நான்கரை மணிக்கு ஒவ்வொரு வலியின்போதும் குழந்தையின் துடிப்பு குறையத் தொடங்கியதால் அறுவைச் சிகிச்சை செய்துவிடலாம் என்றார் மருத்துவர். நான் டூலாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் மருத்துவருக்கு எதிராக ஒரு சொல்லும் சொல்லவில்லை. "உடனே செய்ய வேண்டுமா, காத்திருந்தால் என்ன ஆகும், வேறு வழி உண்டா, இந்த மூன்றையும் டாக்டரிடமே கேளுங்கள்" என்று என் கணவரிடம் மெதுவாகச் சொன்னார். மருத்துவர் துடிப்புத் தாளைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். நானே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டேன். முதல் முறை இயல்பாகப் பெற்றும் எனக்கு மனம் ஆறவில்லை. இம்முறை வயிற்றில் தையலோடு வீடு திரும்பியும், எனக்கு நடந்தது எல்லாம் எனக்குத் தெரிந்தே நடந்தது என்ற நிறைவு இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அவர் தரும் கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் என்னைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு நானே வரிவரியாகப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. தமிழில் இவ்வளவு அழகாக வகுப்பெடுக்கிறவர் இதை விட்டுவைத்திருப்பது எனக்கு வருத்தமே. மருந்துக் குழம்பு, லேகியம், பத்தியம் பற்றி அம்மா கேட்டவற்றுக்கும் "மருத்துவரைக் கேளுங்கள்" என்பதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை. பால் கொடுப்பதில் மட்டும் சிறு குறையும் இல்லை. தையல் வலிக்காதபடி குழந்தையைக் கைக்கு அடியில் பந்துபோல் அணைத்துப் பால் கொடுக்கும் முறையை மூன்றாம் நாள் வீட்டுக்கே வந்து கற்றுத்தந்தார்.

வகுப்புகளும் பிரசவ நேரத் துணையும் மூன்று வீட்டு வருகைகளும் சேர்த்து 38,000 ரூபாய் வாங்கினார். நடுத்தரக் குடும்பத்துக்கு இது சுமைதான். நாங்கள் வளைகாப்பைச் சுருக்கி அந்தப் பணத்தை இதற்குக் கொடுத்தோம். இரண்டு தவணையாகவும் ஏற்றுக்கொள்கிறார். மாதத்துக்கு இரண்டு பிரசவங்களுக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை என்பதால் ஐந்தாம் மாதத்துக்குள் பேசிவிடுவது நல்லது. அதற்கு முன், பிரசவ அறைக்குள் கணவரோடு டூலாவையும் அனுமதிப்பார்களா என்று உங்கள் மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல இடங்களில் ஒருவரைத்தான் விடுகிறார்கள்.