நடைபயிலும் குழந்தையுள்ள வீட்டில் வட்ட ஊசி செட்: மூன்றாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2022 நவம்பரில், என் மகள் பிறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, நுனிகளைக் கழற்றி மாற்றக்கூடிய வட்ட ஊசி செட் ஒன்றை வாங்கினேன். வட்ட ஊசி என்பது இரண்டு குட்டை நுனிகளை வளையும் கேபிள் ஒன்று இணைக்கும் பின்னல் ஊசி. இப்போது அவளுக்கு மூன்று வயது நிறையப் போகிறது. வாங்கிய முதல் வாரத்தில் எழுதியிருந்தால் மரநுனியின் வழவழப்பையும் பெட்டியின் அழகையும் பற்றித்தான் எழுதியிருப்பேன். தவழ்ந்து, நடந்து, ஓடி, எதையும் பிடித்து இழுக்கும் குழந்தையோடு மூன்று குளிர்காலங்கள் இதைப் பயன்படுத்திய பிறகு, பின்னல் ஊசியை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதே எனக்கு மாறிவிட்டது.

நாங்கள் இருப்பது குன்னூரில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம் என்பதால், சித்திரை மாதத்து மாலையிலும் குழந்தைக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் தேவைப்படும். மாமியாரிடம் நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய அலுமினிய நேர் ஊசிகள் இருக்கின்றன. அவர் அவற்றை எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர் என்றே சொல்வார். அந்தப் பழைய பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். எட்டு என்பது 4 மி.மீ., பத்து என்பது 3.25 மி.மீ. நான் வாங்கிய செட்டில் மி.மீ. கணக்கு மட்டுமே அச்சிடப்பட்டிருந்ததால், அத்தையின் கைக்குறிப்புகளைப் பார்த்துப் பின்னும்போது முதல் சில மாதங்கள் ஒரு தாளில் இரண்டையும் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன்.

செட்டில் 3.5 மி.மீ. முதல் 8 மி.மீ. வரை எட்டு ஜோடி மரநுனிகளும், நுனியோடு சேர்த்து 60, 80, 100 செ.மீ. நீளம் வரும் மூன்று கேபிள்களும், கேபிளின் முனைகளில் திருகும் சிறு மூடிகளும், நுனியை இறுக்குவதற்கு ஒரு கம்பிச் சாவியும் இருந்தன. விலை நான்காயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மூடிகள் எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஓராண்டு கழித்து, அந்தப் பெட்டியில் மிக அதிகமாகப் பயன்பட்ட பொருள் அவைதாம் என்று ஆனது.

அது விளங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. 2023 அக்டோபரில், அத்தையின் பத்தாம் நம்பர் நேர் ஊசியில் மகளுக்கு ஒரு முன்திறப்பு ஸ்வெட்டரின் முதுகுப் பகுதியைப் பின்னிக்கொண்டிருந்தேன். பால் பொங்கும் சத்தம் கேட்டு, வேலையைச் சோபாவில் வைத்துவிட்டு எழுந்தேன். அடுப்பை அணைத்துத் திரும்புவதற்குள், அப்போது ஒன்பது மாதமான அவள் சோபாவைப் பிடித்து எழுந்து நின்று ஊசியை உருவிவிட்டாள். ஊசியில் கோத்திருந்த நூல் வளையங்கள், அதாவது தொண்ணூறு கண்ணிகள், வெறும் நூலில் நின்றன. அடுத்த இழுப்பில் ஆறு வரிசை அவிழ்ந்தது. அவிழ்ந்த பின்னலைவிட, கூரிய முனையுள்ள முப்பது செ.மீ. உலோகக் கம்பி அவள் கையில் இருந்ததுதான் என்னை நடுங்க வைத்தது. அன்றிலிருந்து நேர் ஊசிகள் அத்தையின் பீரோவுக்குள் போய்விட்டன.

வட்ட ஊசியில் கண்ணிகள் யாவும் நடுவிலுள்ள வளையும் கேபிளில் உட்கார்ந்திருக்கும். எழ வேண்டிய நேரத்தில் கண்ணிகளைக் கேபிளின் நடுவுக்குத் தள்ளி, இரு நுனிகளையும் திருகிக் கழற்றிப் பையில் போட்டு, முனைகளில் மூடிகளைத் திருகிவிட்டால், பிறகு குழந்தை அதை எப்படி இழுத்தாலும் ஒரு கண்ணியும் நழுவாது. பழகிய பின் இதற்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை. இன்னொரு காப்பும் செய்துகொள்கிறேன்: பத்து வரிசைக்கு ஒருமுறை, வேறு நிறத்துத் தையல் நூலை மொட்டை ஊசியில் கோத்து எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஓட்டி விடுவேன். எது அவிழ்ந்தாலும் அந்த நூலைத் தாண்டி அவிழாது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். அந்த மூடிகளும் சாவியும் குழந்தையின் வாய்க்குள் எளிதாகப் போகும் அளவுள்ளவை; மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடியவை. ஊசியைக் காக்கும் பொருளே குழந்தைக்கு ஆபத்தாகிவிடக் கூடாது என்பதால், பயன்படாத மூடிகளை இறுக மூடும் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்திருக்கிறேன். வேலையை முடித்து வைக்கும்போது எத்தனை மூடி வெளியே இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

மரநுனிகளைப் பற்றி நல்லதையே அதிகம் சொல்ல முடியும். மகள் மடியில் தூங்கும்போது உலோக ஊசிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தத்துக்கு விழித்துவிடுவாள். மரநுனியில் சத்தம் மிகக் குறைவு. அவளுக்குப் பல் முளைத்த மாதங்களில், நான் கவனிக்காத ஒரு பொழுதில், 5 மி.மீ. நுனியில் நான்கு பற்தடங்கள் பதிந்துவிட்டன. உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தும் நூல் அங்கே சிக்குகிறது என்பதால் அந்த ஜோடியைப் பயன்படுத்துவதில்லை; எறிந்துவிடவும் மனம் வரவில்லை. 3.5 மி.மீ. நுனி ஒன்று, அவள் சோபாவில் குதித்தபோது முறிந்தது. மெல்லிய அளவுகளில் மரம் தாங்காது, 4 மி.மீ.க்குக் கீழே உலோக நுனியைத் தனியாக வாங்கிக்கொள்வதே நல்லது.

குறைகளில் பெரியது இணைப்பு. பதினான்காம் மாதத்தில் 80 செ.மீ. கேபிள் தன் உலோகக் குமிழிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. விற்றவர்களுக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. தனிக் கேபிள் வாங்கித்தான் சமாளித்தேன். சாவியால் இறுக்காமல் விரலால் மட்டும் திருகினால், இருபது சுற்றுக்குள் திருகு தளர்ந்து அந்த இடைவெளியில் நூல் மாட்டும். குழந்தைகளின் கைப்பகுதியும் தொப்பியும் சுற்றளவில் சிறியவை. இந்தச் செட்டின் மிகக் குறுகிய 60 செ.மீ. ஊசியும் அவற்றுக்கு நீளம். 100 செ.மீ. கேபிளின் நடுப்பகுதியைக் கண்ணிகளுக்கிடையே வளையமாக வெளியே இழுத்துவிட்டுப் பின்னும் முறையைக் கற்றுக்கொண்ட பிறகே இந்தச் செட் எனக்கு முழுமையாகப் பயன்பட்டது.

இந்தச் செட்டில் செய்தவற்றுள் அதிகம் உழைத்தது, கழுத்திலிருந்து கீழ்நோக்கித் தையலின்றிப் பின்னிய ஒரு ஸ்வெட்டர். 2023 நவம்பரில் 4 மி.மீ. நுனியில், பத்து செ.மீ.க்கு 22 கண்ணிகள் என்ற கணக்கில், மார்புச் சுற்று 56 செ.மீ. வருமாறு 124 கண்ணிகளோடு பின்னினேன். அப்போது அவளுடைய மார்பளவு 45 செ.மீ.தான், தொளதொளவென்றிருந்தது. நான் நம்பியது குழந்தைகளின் வளர்ச்சியின் போக்கை: இந்த வயதில் உயரம் ஆண்டுக்குப் பத்து செ.மீ.யை ஒட்டிக் கூடும், மார்புச் சுற்றோ இரண்டு மூன்று செ.மீ. மட்டுமே கூடும். 2024 நவம்பரில் அடி விளிம்பை அவிழ்த்துக் கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றி நான்கு செ.மீ. நீட்டினேன், கைகளையும் அப்படியே. இந்த ஆண்டு மேலும் ஐந்து செ.மீ. நீட்டியாயிற்று. மேலிருந்து கீழே பின்னினால்தான் இது இவ்வளவு எளிது. அதே சாய எண்ணுள்ள, அதாவது ஒரே தொகுதியில் சாயமேற்றிய, நூலில் ஐம்பது கிராம் கூடுதலாக எடுத்து வைத்திருந்தேன். ஆனாலும் இரண்டு ஆண்டு துவைத்த பகுதியைவிடப் புதிய விளிம்பு சற்று அடர்நிறமாகத் தெரிகிறது. அதை மறைக்க நான் முயலவில்லை. அவள் வளர்ந்த அளவு அந்தக் கோடுகளில் இருக்கிறது.

124 கண்ணிகள் கொண்ட ஒரு சுற்றுக்கு எனக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. குழந்தையுள்ள வீட்டில் ஒரு தாய்க்குச் சேர்ந்தாற்போல் கிடைக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். எண்ணிக்கை பிசகாமல் பார்க்க வேண்டிய பூவேலைகளை இரவு ஒன்பதுக்கு மேல் வைத்துக்கொண்டேன். பகலில், பார்க்காமலே விரல் தடவிப் பின்னக்கூடிய எளிய வரிசைகள் மட்டும். மாலை ஆறு மணிக்குக் கணவர் வந்து அவளைத் தேயிலைத் தோட்டப் பாதையில் நடக்க அழைத்துப்போகும் முக்கால் மணி நேரம், எங்கள் வீட்டில் பேசி வைக்காமலேயே எனக்குரிய நேரமாகிவிட்டது. “கண்ணு, நீ பின்னு, சோத்துக்கு நான் பார்த்துக்கிறேன்” என்று அத்தை சொல்லும் நாள்களில் அது ஒன்றரை மணி நேரமாகும்.

நூலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஊசியின் அனுபவத்தில் பாதி நூலினுடையது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலகிரிச் செம்மறி மென்மையான கம்பளிக்குப் பெயர் பெற்றது. இருந்தும் எங்கள் கடைவீதியில் கிடைப்பதில் பெரும்பகுதி லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக் நூலே. விலை குறைவு, இயந்திரத்தில் துவைக்கலாம். ஆனால் அக்ரிலிக் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி எளிதில் பற்றாது. மார்கழியில் கரிக்கணப்பு மூட்டும் வீடு எங்களுடையது. அதனால் அவள் உடம்பில் போடுவது கம்பளி, பொம்மைக்கும் கதவுத் திரைக்கும் அக்ரிலிக் என்று பிரித்துக்கொண்டேன். சாதாரணக் கம்பளியை வெந்நீரில் அலசித் தேய்த்தால் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும். ஒரு தொப்பியை அப்படி இழந்திருக்கிறேன். செதில்களைப் பதப்படுத்திய சூப்பர்வாஷ் மெரினோ அந்தத் தொல்லை தருவதில்லை, ஆனால் ஈரத்தில் தொய்ந்து நீளும். கொடியில் தொங்கவிடாமல், துண்டில் சுருட்டி மிதித்து நீரை எடுத்துவிட்டுப் படுக்கையாக விரித்து உலர்த்த வேண்டும். ஐப்பசி மழையில் அதற்கு மூன்று நாளாகும். சுருட்டிய துண்டின்மேல் ஏறி மிதிப்பது மகளின் வேலை. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மிகுந்த பொறுப்போடு நடப்பாள்.

அவளுக்குப் பின்னும்போது விட்டுவிட்டவையும் உண்டு. கழுத்திலோ தொப்பியிலோ கட்டும் கயிறு வைப்பதில்லை. எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். ஓட்டை வேலைப்பாடுள்ள காலுறையும், உட்புறம் நீண்ட நூல்கள் ஓடும் இருநிறக் கையுறையும் வேண்டாம். தளர்ந்த நூல் விரலைச் சுற்றி ரத்த ஓட்டத்தைத் தடுக்கக்கூடும். பொத்தானுக்குப் பதில் தலைவழி போடும் அகலக் கழுத்து. நூலுக்கு அவள் அடம்பிடிக்கும்போது முழு உருண்டையைக் கொடுக்காமல், ஒரு சாணுக்கும் குறைவாக வெட்டிய துண்டுகளையும் அரிசி வடிக்கும் தட்டையும் கொடுத்து அருகில் உட்கார்ந்துகொள்வேன். ஒவ்வொரு துளையிலும் ஒரு துண்டை நுழைக்க அவளுக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது. அதற்குள் எனக்கு ஐந்து சுற்று முடிகிறது.

எட்டு ஜோடியில் ஆறு நல்ல நிலையில் இருக்கின்றன. மூன்று கேபிளில் இரண்டு. மறுபடி வாங்க நேர்ந்தால் முழுச் செட்டாக வாங்க மாட்டேன். 3.5, 4, 5 மி.மீ. நுனிகள் மூன்று ஜோடி, 60 மற்றும் 100 செ.மீ. கேபிள்களில் ஒவ்வொன்றிலும் இரண்டு, போதுமான மூடிகள் என்று பிரித்து வாங்குவேன். நான் மூன்றாண்டில் 6 மி.மீ.க்கு மேல் எதையும் தொடவே இல்லை. ஸ்வெட்டரின் கைக்குழியில் இந்த மாதம் இறுக்கம் தெரியத் தொடங்கியிருக்கிறது. தை பிறந்ததும் அதை அவிழ்த்து, நூலை அலசிக் காயவைத்து, மார்புச் சுற்றுக்கு 130 கண்ணிகள் வருமாறு மீண்டும் கழுத்திலிருந்து தொடங்க வேண்டும்.