ட்ரோன் டெலிவரி ரிவ்யூ: பின்னாடி இடம் இருந்தா, சாமான் லேசா இருந்தா, வானம் தெளிவா இருந்தா

டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோ, லிட்டில் எல்ம் பக்கம் வீடு வாங்கினவங்க யாரைப் பாத்தாலும் இப்ப ஒரு கேள்வி வந்துடுது, அந்த ட்ரோன்ல ஆர்டர் பண்ணிப் பாத்தீங்களா, நிஜமாவே யூஸ் ஆகுதா இல்ல பசங்க வேடிக்கை பாக்கத்தானான்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிச்சுடுச்சு, அதான் மொத்தமா எழுதிடறேன். ஸ்டார் முதல்லயே சொல்லிடறேன், பகல்ல அவசரமா ஒரு மருந்தோ டயாப்பர் க்ரீமோ வேணும்னா நாலு ஸ்டார், மளிகை சாமானுக்குன்னா ரெண்டு. ரெண்டையும் கூட்டி மூணுன்னு போட்டா யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

நான் யூஸ் பண்ற கம்பெனி பேரை இங்க எழுதப் போறதில்ல, குறையும் சொல்லப் போறேன்ல. இந்த ஊர் வானத்துல எப்படியும் ஒருத்தர் மட்டும் பறக்கலை. கூகுளோட தாய்க் கம்பெனி ஆல்ஃபபெட்டுக்குச் சொந்தமான விங், 2022 ஏப்ரல்ல வால்கிரீன்ஸ் மருந்துக்கடையோட சேந்து ஃப்ரிஸ்கோவுலயும் லிட்டில் எல்ம்லயும் ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் வால்மார்ட்டோட கைகோத்தாங்க, 2025ல ஜிப்லைன்னு இன்னொரு ட்ரோன் கம்பெனி டல்லாஸ் பக்கத்து மெஸ்கீட்ல வால்மார்ட்டுக்காக வந்தாங்க, அமேசானும் பக்கத்து ஊர் ரிச்சர்ட்சன்ல எட்டிப் பாத்தாச்சு. ஏன் எல்லாரும் இங்கயே வந்து குவியறாங்கன்னா தரை மட்டமான ஊரு, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி பேக்யார்டு, புது காலனிங்கள்ல கரண்ட் ஒயரெல்லாம் பூமிக்கு அடியில. அதோட 2024 ஜூலைல விங்கும் ஜிப்லைனும் டல்லாஸ் வானத்துல ஒரே ஏரியாவுல பறக்கலாம், ட்ரோனைக் கண்ணால பாத்துக்கிட்டே நிக்க ஆள் வேணாம்னு எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க அரசோட விமானப் போக்குவரத்து அமைப்பு, அனுமதி குடுத்துடுச்சு. அந்த ஆள் சமாச்சாரம்தான் பெரிய விஷயம், ஒரு டூத்பேஸ்ட் டெலிவரிக்கு வழியெல்லாம் அண்ணாந்து பாக்க சம்பளத்துக்கு ஆள் வெச்சா எவன் தொழில் நடத்துவான்.

ஆர்டர் பண்றது ரொம்ப ஈஸி. ஆப்ல அட்ரஸ் போட்டா நம்ம வீட்டை மேல இருந்து எடுத்த படம் வரும், அதுல எங்க இறக்கணும்னு நாமளே புள்ளி வைக்கணும், டிரைவ்வேயா பேக்யார்டான்னு. மரம், கூரை நீட்டு, தோட்டத்துல போடற மரப்பந்தல் இதுக்கெல்லாம் கீழ வெச்சா ஆப் ஒத்துக்காது. அப்புறம் கடையில ஆள் பொருளை எடுத்து ஒரு அட்டை டப்பால வெச்சு கொக்கியில மாட்டுவாங்க, ட்ரோன் தூக்கிட்டுக் கெளம்பும். பறக்கற நேரம் சில நிமிஷம்தான், விங்கோட மெஷினெல்லாம் மணிக்கு 65 மைல் வேகம் போகுது, சிக்னல் கிடையாது, டோல்வே டிராஃபிக் கிடையாது. ஆனா ஆர்டர் போட்டதுல இருந்து கைக்கு வர்ற வரைக்கும் கணக்குப் போட்டீங்கன்னா பாதிக்கு மேல கடைக்குள்ளயே போயிடுது, எடுக்கற ஆள் அந்த நேரத்துல வேற எத்தனை ஆர்டர் பாக்கறாரோ அதைப் பொறுத்துதான் எல்லாம். விளம்பரத்துல வானத்தை மட்டும் காட்டறாங்க, கடைக்குள்ள நடக்கறதைக் காட்ட மாட்டேங்கறாங்க.

வந்து சேர்றது மட்டும் அழகுதான், ஒத்துக்கறேன். தரைக்கு வராது, ஏழு மீட்டர் உயரத்துல நின்னுக்கிட்டு ஒரு கயிறுல டப்பாவ மெதுவா இறக்கும், தரையைத் தொட்டதும் கொக்கி தானா கழண்டுக்கும், கயிறு மேல போயிடும், ட்ரோன் திரும்பிடும். முட்டை ஆர்டர் பண்ணிருக்கேன், ஒண்ணு கூட உடைஞ்சதில்ல. மனுஷன் ஓட்டிட்டு வர்ற டெலிவரில எனக்கு இந்த ராசி அமைஞ்சதே இல்ல.

இப்ப எடைக்கு வரேன், முழு விஷயமும் இங்கதான் மாட்டுது. சின்ன ட்ரோனுங்க தூக்கறது ரெண்டரை பவுண்ட், அதாவது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. கேக்கறதுக்கு பரவால்லன்னு தோணும், நம்ம வீட்டு லிஸ்ட்டை எடுத்து வெச்சுக்கிட்டுப் பாருங்க. ஒரு கேலன் பால் எட்டரை பவுண்ட், அவுட்டு. அரை கேலனும் நாலு பவுண்டைத் தாண்டிடும், அவுட்டு. மூணு பவுண்ட் வெங்காயப் பை அவுட்டு. 20 பவுண்ட் பொன்னி அரிசி மூட்டையைப் பத்திப் பேசவே வேணாம். ரெண்டு பவுண்ட் தயிர் டப்பா போகும், ஆனா அது கூட பெருசா வேற எதையும் சேக்க முடியாது, தயிர் மட்டும் தனியா ஜெட்ல வந்து இறங்கும். ஒரு டஜன் முட்டை, ஒரு கட்டு கொத்தமல்லி, ரெண்டு எலுமிச்சம்பழம், இந்த செட்டு பாஸ். ஆனா நாம அவசரமா தேடற கறிவேப்பிலையும் இட்லி மாவும் இந்தியன் ஸ்டோர்லதான் இருக்கு, அந்தக் கடைங்க எதுவும் என் ஆப்ல இல்ல. சாம்பார் கொதிச்சுட்டு இருக்கும்போது பெருங்காயம் தீந்து போச்சுன்னா எந்தக் கம்பெனி ட்ரோனும் நம்மளைக் காப்பாத்தாது.

இன்னும் கொஞ்சம் பெரிய ட்ரோனா விட்டா என்னன்னு கேக்கலாம், விட்டுக்கிட்டுதான் இருக்காங்க. அஞ்சு பவுண்ட் தூக்கற மாடலை விங் 2024ல காட்டினாங்க, ஜிப்லைனோட புது மெஷின் எட்டு பவுண்ட் வரைக்கும் தூக்குது. ஆனா எடை ஏறினா பேட்டரி பெருசாகும், பேட்டரி பெருசானா அதையும் சேத்துத் தூக்கணும், விழுந்தா தலைக்கு ஆபத்து, சத்தமும் ஜாஸ்தி. அமேசானோட ட்ரோனைப் பாருங்க, அஞ்சு பவுண்ட் பார்சலைக் கொண்டு வர மெஷின் மட்டுமே 80 பவுண்டுக்குப் பக்கம். விங் மெஷின் பதினோரு பவுண்டு பக்கம்தான், பெரும்பாலும் நுரைப்பொருள், இறக்கை இருக்கறதால பறக்கும்போது காத்தே பாதி தாங்கிக்கும், ஓரிடத்துல நிக்கும்போதுதான் பேட்டரி குடிக்கும். அதனாலதான் வந்தவுடனே ஓடிடுது, நின்னு டாட்டா சொல்ல நேரம் இல்ல.

வானிலை. டெக்ஸஸ்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், ஏப்ரல் மே மாசம் எப்படி இருக்கும்னு, காலைல வெயில், மத்தியானம் காத்து, சாயங்காலம் ஆலங்கட்டி. எப்ப வெளியில போக முடியலையோ அப்பதான் டெலிவரி வேணும், அப்பதான் ஆப்ல 'இப்போது சேவை இல்லை'ன்னு சாம்பல் கலர்ல வரும். காத்து கொஞ்சம் ஓங்கி அடிச்சாலும் அதே பதில். ஒரு தடவை ஆர்டர் எடுத்துட்டு, பணமும் பிடிச்சுட்டு, அப்புறம் காத்துன்னு கேன்சல் பண்ணினாங்க, பணம் திரும்ப வந்துச்சு, ஆனா அதுக்குள்ள நான் காரை எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வந்துருப்பேன். இதுல கம்பெனியை முழுசா திட்டவும் மனசு வரலை, அமேசானே 2025 ஜனவரில அமெரிக்கா முழுக்க ட்ரோன் டெலிவரிய நிறுத்தி வெச்சாங்க, ஓரிகன்ல பெண்டில்டன் டெஸ்டிங் இடத்துல தூறல்ல ட்ரோன் விழுந்து சாஃப்ட்வேரை மாத்த வேண்டியதாச்சு, மார்ச்லதான் திரும்ப ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் அக்டோபர்ல அரிசோனா டாலிசன்ல ரெண்டு ட்ரோன் அடுத்தடுத்து ஒரு க்ரேன்ல போய் மோதுச்சு. தொழில்நுட்பம் ரெடின்னு மேடையில சொல்றவங்க எல்லாம் க்ரேன் பக்கத்துல நின்னு சொல்லணும்.

ராத்திரி விஷயம் ஒண்ணு, யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. குழந்தைக்கு ஜுரம் எப்ப வரும்? ராத்திரி ரெண்டு மணிக்கு. நான் யூஸ் பண்ற சர்வீஸ் இருட்டினதும் மூடிடுது. அதனாலதான் மருந்துக்குக் கூட நாலு, அஞ்சு இல்ல. பகல்ல வீட்ல ஒரே ஆள், ஒரு குழந்தை தூங்குது, இன்னொண்ணு வாந்தி எடுக்குது, காரும் இல்ல, அந்த நிலைமைல எலக்ட்ரோலைட் பாட்டிலும் தெர்மாமீட்டரும் பதினஞ்சு இருபது நிமிஷத்துல வந்து இறங்கறது பெரிய விஷயம், என் வீட்டம்மா இந்த ஒண்ணுக்காகவே ஆப்பை அழிக்க விடமாட்டா.

சத்தத்தைப் பத்தி நம்மாளுங்க கேக்கறதில்ல, ஆனா பக்கத்து வீட்டுக்காரர் கேப்பார். பக்கத்து வீட்ல யாரோ மிக்ஸி போட்ட மாதிரி ஒரு சத்தம், அரை நிமிஷம் ஒரு நிமிஷம், அவ்வளவுதான். உங்களுக்கு வந்தா சந்தோஷமா இருக்கும், தெருவுல பத்து வீட்டுக்கு நாள் பூரா வந்தா? ஆஸ்திரேலியாவுல கேன்பெராவுக்குப் பக்கத்துல பானிதான்ல 2018ல விங் ட்ரையல் நடத்தினப்ப ஜனங்க இந்தச் சத்தத்துக்காகவே கெளம்பினாங்க, அப்புறம்தான் சத்தம் கம்மியான விசிறி போட்டாங்க. நம்ம டெக்ஸஸ்லயே காலேஜ் ஸ்டேஷன்ல அமேசான் ஒரு நாளைக்கு 200 ஃப்ளைட்டுல இருந்து 469க்கு ஏத்தணும்னு எஃப்ஏஏ கிட்ட கேட்டாங்க, 2024ல அந்த ஊர் மேயரே குடியிருக்கறவங்க சார்பா எதிர்த்து எஃப்ஏஏவுக்கு லெட்டர் எழுதினார், அமேசான் இப்ப அந்த ஊரை விட்டே போயாச்சு. அதனால இதைக் கவனிங்க, ஒருத்தர் ரெண்டு பேர் யூஸ் பண்ணும்போது ஜாலியா இருக்கற சர்வீஸ் எல்லாரும் யூஸ் பண்ணினா தாங்காது, தாங்கற அளவுக்குக் கம்மியா பறந்தா கம்பெனிக்குக் கட்டாது.

கட்டுதாங்கற கணக்குக்கு வருவோம். ஒரு டெலிவரி வேன் காலைல கெளம்பினா நூறு வீட்டுக்கு மேல போட்டுட்டு வரும், ட்ரோன் ஒரு வீட்டுக்குப் போயிட்டு காலியா திரும்பும், சார்ஜ் ஏத்தும், அடுத்த வீட்டுக்குப் போகும். வால்மார்ட்டுக்குப் பறந்துட்டு இருந்த ட்ரோன்அப் கம்பெனி, ஒரு டெலிவரிக்கு 30 டாலர் பக்கம் செலவாகுதுன்னு அவங்களே சொன்னாங்க, நாம குடுத்ததோ நாலு டாலர் ஃபீ. 2024ல ஃபீனிக்ஸ், சால்ட் லேக் சிட்டி, டாம்பா மூணு ஊர்லயும் கடையைக் கட்டினாங்க. ஜெஃப் பெசோஸ் 2013 டிசம்பர்ல டிவில வந்து, நாங்க அனுப்பறதுல 86 சதவீதம் அஞ்சு பவுண்டுக்குள்ளதான், அரை மணி நேரத்துல வீட்டுக்கு வந்துடும், நாலஞ்சு வருஷத்துல நடக்கும்னு சொன்னார். பத்து வருஷம் தாண்டியும் அமெரிக்காவுல கைவிரல்ல எண்ற ஊர்கள்லதான் அமேசான் ட்ரோன் பறந்துச்சு. நடுவுல கலிபோர்னியாவுல லாக்ஃபோர்ட் ஊர்ல நடத்தினதையும் மூடிட்டாங்க.

அப்ப இது எங்கயுமே நடைமுறைக்கு ஆகாதான்னா, ருவாண்டாவுல ஆகுது. ஜிப்லைன் 2016ல அங்க மலைக்கு நடுவுல முஹாங்காவுல இருந்துதான் ஆரம்பிச்சாங்க, ஆஸ்பத்திரிக்கு ரத்தம் அனுப்ப. கவண்ல எறியற கணக்கா ட்ரோனை ஏவுவாங்க, அது ஆஸ்பத்திரி மேல போய் பாராசூட்ல பெட்டிய விட்டுட்டு வந்துடும், திரும்பி வந்ததும் வாலை ஒரு கம்பியில மாட்டிப் பிடிப்பாங்க, சக்கரமே கிடையாது. ரோட்ல மணிக்கணக்கா ஆகற தூரத்துக்கு ரத்தம் சீக்கிரம் போறது மட்டுமில்ல, ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் பயந்து பயந்து ஸ்டாக் வெச்சு கெட்டுப் போறதும் குறைஞ்சுது. 2022ல லான்செட் குளோபல் ஹெல்த்ல வந்த ஆய்வு, காலாவதியாகி வீணாப் போற ரத்தம் 67 சதவீதம் குறைஞ்சுதுன்னு சொல்லுச்சு. வித்தியாசம் என்னன்னா அங்க ட்ரோனுக்குப் போட்டி மண் ரோடு, மழை, நேரம். இங்க ஃப்ரிஸ்கோல ட்ரோனுக்குப் போட்டி என் டிரைவ்வேல நிக்கற கார், அஞ்சு நிமிஷத்துல மருந்துக்கடை, அதுவும் ஏசி போட்டுக்கிட்டுப் போலாம். ஒரே ஐடியா, அங்க உயிர் பொழைக்குது, இங்க ஐஸ்க்ரீம் வருது.

ட்ரோன்ல ஆர்டர் பண்ணலாமா வேணாமான்னு யோசிக்கறவங்களுக்குச் சில விஷயம். அபார்ட்மெண்ட்ல இருந்தீங்கன்னா ரொம்ப எதிர்பாக்காதீங்க, அட்ரஸ் போட்டதும் பெரும்பாலும் முடியாதுன்னு சொல்லிடும். பிளேனோ பக்கம் பழைய காலனில பெரிய ஓக் மரம் இருக்கற வீடுங்களுக்கும் கஷ்டம், டிரைவ்வேல புள்ளி வெச்சுப் பாருங்க. நாய் இருந்தா உள்ள விட்டுக் கதவை மூடிடுங்க, கயிறைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, நாயும் சரி நீங்களும் சரி. கேன்பெராவுல 2021ல காக்கா இனத்துப் பறவை ஒண்ணு கூடு காக்கறேன்னு ட்ரோனைத் தாக்கி அந்த ஏரியா டெலிவரியவே நிறுத்தி வெச்சாங்க. ஃப்ளோரிடாவுல ஒரு பெரியவர் 2024ல வால்மார்ட் ட்ரோனைத் துப்பாக்கியால சுட்டுக் கைதானார், டெக்ஸஸ்ல இருக்கோம், அதனால சொல்லி வைக்கறேன், ட்ரோனைச் சுடறது ஃபெடரல் குற்றம்.

கேமரா பத்திக் கேட்டவங்களுக்கு, வழி கண்டுபிடிக்கறதுக்கான கேமராதான், கீழ பாத்துக்கிட்டு இருக்கும்னு கம்பெனி சொல்றாங்க. நான் நம்பறேன், ஆனா பக்கத்து வீட்டு ஸ்விம்மிங் பூல் மேல போகும்போது அவங்க நம்பணுமே.

டெலிவரி ஃபீ எனக்கு இது வரைக்கும் கம்மியாவோ இல்லாமலோதான் இருந்துச்சு, டிப்ஸும் குடுக்க வேண்டியதில்ல. இது கம்பெனி கைக்காசு போட்டு நம்மளைப் பழக்கற காலம், அது வரைக்கும் நான் பழகிக்கறேன். உண்மையான செலவை நம்ம தலையில வெக்க ஆரம்பிச்சு ஒரு டப்பாவுக்குப் பத்துப் பதினஞ்சு டாலர்னு வந்துச்சுன்னா, குழந்தைக்கு ஜுரம்னா குடுப்பேன், கொத்தமல்லிக்குக் குடுக்க மாட்டேன்.