வெள்ளம் வடிந்த பிறகு எதை முதலில் தொடுவது? மீட்புத் திட்டம் போட்டுத் தந்த குழுவைப் பற்றி

போன வெள்ளத்தில் எங்கள் குடியிருப்பின் அடித்தளம் முழுக்க மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகும் 11 நாள் இருட்டில் கிடந்தோம், எதை முதலில் தொடுவது என்றே யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் லிப்ட் ஆளைக் கூட்டி வந்தார், இன்னொருவர் தண்ணீர் சேமிக்கும் சம்பைக் கழுவி விட்டார், மறுநாளே அதில் சாக்கடைத் தண்ணீர் ஏறியது, ஏனென்றால் கழிவுநீர் பம்ப் ஓடவில்லை, அது ஓட மின்சாரம் வேண்டுமே. அதற்கு அப்புறம்தான் சங்கத்தில் பேசி, பேரிடர் மீட்புத் திட்டம் எழுதித் தரும் ஒரு சின்ன ஆலோசனைக் குழுவை அமர்த்தினோம்.

முதல் இரண்டு நாள் அவர்கள் எதுவும் எழுதவில்லை. டார்ச்சோடு ஒவ்வொரு பம்ப் அறையாகப் போய், "இது ஓட என்ன வேண்டும், அது ஓட என்ன வேண்டும்" என்று எங்கள் பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் கேட்டுக் கேட்டு ஒரே தாளில் கோடு போட்டு இணைத்தார்கள். இந்த ஒரு படத்துக்காகவே அவர்களுக்குக் கொடுத்த பணம் தகும். ஜெனரேட்டரை மேலே தூக்கி வைத்துவிட்டோம், இனி கவலையில்லை என்று இருந்தோம். அதற்கு டீசல் ஏற்றும் பம்ப் இன்னும் அடித்தளத்திலேயே இருக்கிறது என்று காட்டினார்கள். 2012இல் சாண்டி புயலில் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனைக்கு நடந்ததும் இதுதான்: ஜெனரேட்டர் 13ஆம் மாடியில் பத்திரமாக இருந்தது, எரிபொருள் பம்ப் கீழே மூழ்கிவிட்டது, ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று டீசலைக் கைமாற்றி ஏற்றினார்கள்.

மின் பேனல் பற்றி எழுதிக் கொடுத்த பகுதியும் அருமை. எம்.சி.பி. என்பது மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்; அது மூழ்கினால் காயவைத்து மாட்டவே கூடாது, புதிதாக மாற்ற வேண்டும். மோட்டாரைக் கழுவி, சூட்டில் உலர்த்தி, மெக்கர் என்ற சோதனைக் கருவி வைத்து இன்சுலேஷன், அதாவது மின்கசிவைத் தடுக்கும் காப்பு, தேறுகிறதா என்று பார்த்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். போன முறை நாங்கள் அவசரப்பட்டு சுவிட்சைப் போட்டு ஒரு மோட்டாரை எரித்தோம், அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சரி, குறைகளையும் சொல்கிறேன். 90 பக்கம் எழுதிக் கொடுத்தார்கள், நள்ளிரவில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு யார் அதைப் புரட்டுவது? கேட்ட பிறகுதான் முதல் 24 மணி நேரம், 3 நாள், 2 வாரம் என்று பிரித்து ஒரே பக்கமாக்கி லேமினேட் செய்து தந்தார்கள். தொடர்பு எண்களை மட்டும் நம்பியதும் தப்பு. மின்சாரம் போன சில மணி நேரத்தில் செல்போன் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும். எல்லோரும் வாசல் கேட் அருகே கூடுவது என்று நாங்களேதான் சேர்த்துக்கொண்டோம்.

பெரிய குறை ஒத்திகை. அதை அவர்கள் நடத்தவில்லை, நாங்களாக ஒரு ஞாயிறு மெயினை அணைத்துப் பார்த்தோம். டீசல் இருந்தது, ஆள் இருந்தார், பம்ப் அறைச் சாவி மட்டும் வெளியூர் போயிருந்த செயலாளரிடம் இருந்தது. 40 நிமிடம் பூட்டின் முன்னால் நின்றோம். இப்போது மாற்றுச் சாவி காவலர் அறையில் தொங்குகிறது.

இப்படி ஒரு குழுவைத் தாராளமாக அமர்த்துங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன்பே, வருடம் ஒரு ஒத்திகையை அவர்களே வந்து நடத்தித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.