பழைய கோவாவா, மக்காவுவா?

இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவிகள் கட்டியதில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எது?

எஞ்சியது: கோவாவின் பொம் ஜேசு 1605-இல் அபிஷேகமான முழுக் கோயில், இன்றும் பூசை நடக்கிறது, சவேரியாரின் உடலும் இங்கேதான். சீனக் கரையிலுள்ள மக்காவுவின் புனித பவுல் கோயிலில் 1835 தீவிபத்துக்குப் பிறகு மிஞ்சியது பெரும்பாலும் முகப்புச் சுவர் மட்டும்.

கல்: கோவாவில் செம்புராங்கல், பூச்சை உரித்துவிட்டதால் மழையில் கரைகிறது. மக்காவுவில் கருங்கல், அசையாது.

செலவு: கோவாவுக்கு ரயில் போதும்.

சிற்பம்: இதில் மக்காவுதான். ஏழுதலை நாகத்தை மிதிக்கும் மாதா, பக்கத்திலேயே சீன எழுத்து! செதுக்கியவர்களில் ஜப்பானியக் கிறிஸ்தவர்களும் உண்டு.

வேண்டுதல் என்றால் கோவா. சிற்பப் பித்து என்றால், காசு சேர்த்து மக்காவு.