உப்பு தொடாத மாலுமிகள்: கர்ப்ஸ் விதிகளில் ஓர் அடிமை விடுதலைக் கப்பல்

ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்றுக் கதையாக ஆடும் கர்ப்ஸ் (GURPS) மேசை ஆட்டத்தின் நான்காம் பதிப்பு விதிகளைக் கொண்டு, அடிமைக் கப்பல்களை மறித்துப் பிடிக்கும் ஒரு தனியார் போர்க்கப்பலின் கதையை எங்கள் குழு நெடுங்காலமாக ஆடி வருகிறது. களம் கரீபியக் கடல். தொடங்கும் ஆண்டு 1816. மாலுமிகளில் சிலர் மனிதர்கள் அல்லர். இத்தகைய ஆட்டத்தைத் தொடங்க விரும்புவோர்க்கு, அந்த அமானுடப் பாத்திரங்கள் நீண்ட நாள் பயன்பாட்டில் எவ்வாறு தாக்குப்பிடிக்கின்றன என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

1816-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிற நாடுகளின் குடியேற்றங்களில் தலையிடுவதில்லை என்று ஹைட்டி தன் அரசியல் சட்டத்திலேயே உறுதியளித்திருந்தது. ஆயினும் அதிபர் பெத்தியோன், அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் தென் அமெரிக்க விடுதலைப் போர்த் தலைவர் பொலிவாருக்கு ஆயுதமும் ஆட்களும் கொடுத்து உதவினார். அதே ஆண்டின் அரசியல் சட்டத்தில் 44-ஆம் பிரிவு, ஹைட்டியில் வந்து குடியேறும் ஆப்பிரிக்கர்களையும் அமெரிக்கப் பழங்குடியினரையும் அந்நாட்டவராக ஏற்றுக்கொண்டது. ஆகவே ஹைட்டிய மாலுமிகள் வேறொரு கொடியின் கீழ், எதிரிக் கப்பல்களைப் பிடிக்க அரசு தரும் உரிமக் கடிதம் பெற்றுக் கடலுக்குப் போவதும், மீட்டவர்களை ஹைட்டியில் கரையேற்றுவதும் அக்காலத்துக்குப் பொருந்துகின்றன.

முதலில் எங்கள் கப்பலில் இடம்பெற்றது உருவமற்ற ஆவி ஒன்று. இது சரியாக அமையவில்லை. சுவர்களின் ஊடே நுழைய உதவும் இன்சப்ஸ்டான்ஷியாலிட்டி என்னும் திறனுக்கு, பாத்திரத்தை உருவாக்க ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் புள்ளிகளில் 80 செலவாகும் என்றாலும், எதிரிக் கப்பலுக்குள் நுழைந்து பீரங்கிகளை எண்ணிவிட்டுத் திரும்பும் ஒருவர் இருந்தால், துரத்தலில் இருக்க வேண்டிய ஐயம் முழுவதும் போய்விடுகிறது. ஆவியைக் கப்பலின் மரத்தோடு பிணைத்து, அதைவிட்டு அகல முடியாதபடி செய்த பிறகே ஆட்டம் சமநிலைக்கு வந்தது.

மாறாக, அடிமைப்பட்டவர்களின் சொந்த நம்பிக்கைகளிலிருந்து எடுத்த பாத்திரங்கள் இன்றுவரை சலிக்கவில்லை. அவர்கள் அனைவரையும் இணைப்பது உப்பு. ஆப்பிரிக்காவுக்குப் பறந்தே திரும்பியவர்களைப் பற்றிய கதைகள் பலவற்றில், உப்பு உண்டவரால் பறக்க முடியாது. டிரினிடாட் பக்கத்துச் சூக்குயான், இரவில் தோலைக் கழற்றி வைத்து நெருப்புப் பந்தாகப் பறக்கும் கிழவி. கழற்றிய தோலில் உப்பைத் தூவிவிட்டால் அவளால் அதற்குள் மீண்டும் நுழைய முடியாது. ஹைட்டியின் சோம்பி (zombie) என்னும் நடைபிணமோ உப்பைச் சுவைத்த உடனே தான் இறந்தவன் என்று உணர்ந்து கல்லறையை நோக்கி நடக்கத் தொடங்குகிறான். பாய்மரக் கப்பலிலோ உணவே உப்பிட்ட பன்றியிறைச்சியும் மாட்டிறைச்சியும்தான்! சமையற்காரர் யாருக்கு எதைப் பரிமாறுகிறார் என்பது எங்கள் ஆட்டத்தில் பீரங்கிச் சண்டைக்கு நிகரான பதற்றத்தைத் தருகிறது. பறப்பவருக்கு 40 புள்ளி கொடுத்து ஃப்ளைட் திறனை வாங்கி, உப்பு உண்டால் பறக்க முடியாது என்ற வரம்பைச் சேர்த்து அதன் புள்ளி விலையைக் குறைத்தோம். அந்த வரம்பு ஆட்டத்தில் உண்மையிலேயே உறைக்கிறது.

இவர்களுள் சோம்பியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இறந்த பின்பும் பிறருக்காக உழைக்க வைக்கப்படும் உடல் என்ற அந்த அச்சம், கரும்புத் தோட்டத்து அடிமை வாழ்வோடு பிரிக்க முடியாதபடி பின்னிப் பிணைந்தது. கர்ப்ஸில் இந்நிலைக்கு நேராகப் பொருந்தும் குறைபாடாக, சொந்த விருப்பமின்றி ஆணைக்குக் கீழ்ப்படிவதைக் குறிக்கும் ஸ்லேவ் மென்டாலிட்டி இருக்கிறது. அதற்கு மைனஸ் 40 புள்ளி; அதாவது அதை ஏற்கும் ஆட்டக்காரருக்கு அவ்வளவு புள்ளி திரும்பக் கிடைக்கும். களைப்பறியாமல் பாய்மரக் கயிறு இழுக்கும் ஒருவர் கப்பலுக்குப் பெரும் பலம். ஆனால் அவரை உப்பில்லாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும், அடிமைத்தனத்தை எதிர்ப்பதற்கென்றே மிதக்கும் அக்கப்பல் ஓர் அடிமையை வைத்திருக்கிறது. எங்கள் தலைமை மாலுமிக்கும் மருத்துவருக்கும் இதை முன்னிட்டு நிகழ்ந்த வாக்குவாதம்தான், நான் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் மிகச் சிறந்த காட்சி என்று கருதுகிறேன். இறுதியில் மருத்துவர் அவருக்கு உப்புக் கொடுத்தார். ஆட்டக்காரர் குறைபாட்டை நீக்க 40 புள்ளி செலுத்தி, கல்லறைக்குத் திரும்புவதா, சொந்த விருப்பத்தோடு பாய்மரத்தின் அருகே நிற்பதா என்று தாமே முடிவு செய்ய நாங்கள் இடம் கொடுத்தோம். மரபுக் கதையில் இந்த இரண்டாம் வழி கிடையாது. அதைச் சேர்த்தது எங்கள் துணிபு.

அச்சத்துக்கான ஃப்ரைட் செக் பகடையை ஒவ்வொரு முறையும் உருட்டுவது விரைவில் அலுக்கும். புதிதாகக் கப்பலேறுவோர்க்கு மட்டும் அது போதும்.

வரலாற்றின் கரடுமுரடை ஆட்ட நடத்துநர் மழுக்கிவிடக் கூடாது. அக்காலத்துத் தனியார் போர்க்கப்பல்கள் அனைத்தும் விடுதலைக்காக ஓடவில்லை. டெக்சாஸ் கரையோரக் கால்வெஸ்டன் தீவிலிருந்து இயங்கிய கடற்கொள்ளையர் ழான் லஃபீட், ஸ்பானியக் கப்பல்களிலிருந்து பிடித்த அடிமைகளை லூயிசியானாவில் விற்கக் கொடுத்தார். பிடிபட்டவர்கள் சரக்காகக் கணக்கிடப்பட்டால் பங்குப் பணம் பெருகும். கரையேற்றி விடுவித்தால் மாலுமிகளுக்கு ஊதியமே குறையும். பங்கு கேட்டு முணுமுணுக்கும் மனித மாலுமிகளை எங்கள் நடத்துநர் தொடர்ந்து மேசையில் வைத்திருப்பதால், அமானுடர்களின் வலிமை எந்த நாளும் ஒரு முழுத் தீர்வாக ஆவதில்லை. பகடைக்கு முன்பே அவர்களோடு பேரம் பேசியாக வேண்டும்.